டுமீலுக்கு வந்த பக்குவம்

“அக்கா, எனக்கு இருபது வயசாயிருச்சு. அது பாட்டுல தெரிய மாட்டேங்குதே!” என்றான் டுமீல்.

ஐந்து வருடம் முன்னால், தன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரைப் போலவே பேசி ஒரு ராப் பாட்டு விட்டான். பேர் வந்ததே அதில்தான். இன்னமும் தெருவுக்குத் தெரு “அதைப் பாடு, அதைப் பாடு” என்கிறார்கள்.

கடுப்பில் பச்சைச் சாயம் பூசிய முடியை மழித்தான். கறுப்புக் கோட்டு வாங்கினான். புது ஆல்பத்துக்குப் ‘பக்குவம்’ என்று பேர் வைத்தான். வெள்ளிக்கிழமை ரிலீஸ்.

மிக்ஸிங் செய்பவள் ஸ்டெல்லா அக்கா. பெரம்பூரில் ஒற்றை அறை ஸ்டூடியோ. ராப் பாடும் பையன்களுக்கு அவள் குரு. அவளுக்கு அவர்கள் எருமைகள்.

பாட்டை ஓடவிட்டாள். மழை, வயலின், மணியோசை. நடுவில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல டுமீலின் குரல்.

“இளைஞனே! இன்று நீ விளையாடினால், நாளை வாழ்க்கை உன்னோடு விளையாடும்!”

ஸ்டெல்லா மழையை எடுத்தாள். வயலினை எடுத்தாள். மணியையும் எடுத்தாள்.

“மொத்தமா மொட்டையடிக்கிறியேக்கா!”

வெறும் குரல் மிஞ்சியது. டீ கொண்டுவந்த எதிர்க்கடை மாசிலாமணி அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். குலுங்கிச் சிரித்ததில் டீ தளும்பியது.

“ஹெட்மாஸ்டர் பாட்டு பார்ட் டூவா தம்பி? அப்படியே அந்தாளேதான்!”

“அண்ணே, இது காமெடி இல்ல. சீரியஸ்.”

“சிரிக்காம சொல்றீங்க பாருங்க, அங்கதான் தம்பி நீங்க நிக்கிறீங்க!”

டீயை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஸ்டெல்லா பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டாள். இரண்டு ஹெட்மாஸ்டர்கள் ஜோடியாக அறிவுரை சொன்னார்கள்.

“போதும், நிறுத்துக்கா!”

“பதினஞ்சு வயசுல அந்தாளை எப்படிடா அச்சு அசலாப் பிடிச்ச?”

“மூணு மாசம் தினம் அவர் ரூம் வாசல்ல முட்டி போட்டேன். திட்டுறது, இருமுறது, போன்ல பேத்தியைக் கொஞ்சுறது, எல்லாம் காதுல விழும்.”

“இந்தப் புது ஆல்பத்துல ஒன்பது பாட்டு. யார் வாசல்ல முட்டி போட்ட?”

டுமீல் கத்தினான்.

“வெள்ளிக்கிழமை ரிலீஸ்க்கா!”

ஸ்டெல்லா காலி டீ கிளாஸ்களை அவன் கையில் திணித்தாள்.

“கடையில குடுத்துட்டு வா, எரும.”

முணுமுணுத்துக்கொண்டே தெருவைத் தாண்டினான். இந்த டீக்கடைக்காரரிடம் பாட்டை விளக்கியே தீருவது என்றிருந்தான்.

மாசிலாமணி அண்ணன் கிளாஸை வாங்கிக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பத்து நாள் கழிச்சு இன்னைக்குத்தான் சிரிச்சேன்.”

கிணற்றுக் குரல் தொண்டை வரை வந்தது. “இளைஞ...” என்று வாய்கூடத் திறந்துவிட்டது.

மூடினான்.

பாய்லர் அனல் அடித்தது. கோட்டைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

“பத்து நாளா என்னண்ணே?”

அரை மணி கழித்து போன் அடித்தது.

“கிளாஸ் குடுக்க இவ்ளோ நேரமாடா? வெள்ளிக்கிழமை ரிலீஸ்!” என்றாள் ஸ்டெல்லா.

“கொஞ்சம் இரு அக்கா,” என்றான் டுமீல், குரலைத் தாழ்த்தி. “அண்ணன் பேசிட்டிருக்காரு.”