பட்டியலில் இல்லாத நாவல்

"இந்தப் பத்துல ஒண்ணுகூட எனக்கு வேண்டாம் மேடம்," என்றாள் பாக்கியசீலி.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிற வேலை. வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவாள். அந்தக் குரலுக்கு வக்கீல்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹஸீனா அவளுடைய வழிகாட்டி. பதினைந்து வயது இளையவள். இருந்தாலும் குரு குருதான். ஆய்வேட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

பழைய நாடகம் ஒன்றை இக்கால நாவல் ஒன்றோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். நாடகம் முடிவாகிவிட்டது. இளவரசனுக்கு நஞ்சு வைத்ததாக நீலாம்பிகை என்ற பணிப்பெண்ணுக்கு மரண தண்டனை. அரசன் நீதி தவறாதவன் என்று ஐந்து அங்கமும் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. நாவலை மட்டும் துறை கொடுத்த பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்; வேறு எடுத்தால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். பத்தும் தலையணை கனத்தில், பரிசு வாங்கிய நாவல்கள்.

ஏதோ ஒன்றை எடுத்து எழுதிப் பாஸாகிவிட்டுப் போ என்று கூடப் படிக்கிறவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாக்கியசீலி பைக்குள்ளிருந்து ஒல்லியாக ஒரு நாவலை எடுத்து மேசையில் வைத்தாள். திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட ஒரு வீட்டு வேலைக்காரி, நூற்றிருபது பக்கமும் தானே பேசுகிற கதை. துறையில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை.

படிவம் இன்று மாலைக்குள் போக வேண்டும். பாக்கியசீலிக்கு இதுதான் கடைசி வருடம். தவறினால் பட்டம் கிடையாது.

"ஏன் இது?"

"பிடிச்சிருக்கு."

"காரணம்னு போட்டிருக்கிற கட்டத்துல பிடிச்சிருக்குன்னு எழுத முடியாதுக்கா. துறைத் தலைவர் திருப்பி அனுப்பிருவார்."

"அனுப்பட்டும். பிடிக்காத புக்கோட ஆறு மாசம் நான் குடித்தனம் நடத்த மாட்டேன்."

ஹஸீனா பட்டியலை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"வாசல்ல போய் நின்னு நீலாம்பிகையைக் கூப்பிடுங்கக்கா. கோர்ட்ல கூப்பிடுற மாதிரி."

பாக்கியசீலிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விளையாடுவதற்கு இதுதானா நேரம் என்று கேட்டாள். ஹஸீனா வாசலைக் கையால் காட்டினாள்.

பாக்கியசீலி போய் நின்றாள். கூப்பிட்டாள்.

"நீலாம்பிகை... நீலாம்பிகை... நீலாம்பிகை..."

பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். வராந்தா காலியாகக் கிடந்தது.

"வரலையே," என்றாள் ஹஸீனா. "தீர்ப்பைச் சொல்லிரலாமா?"

பாக்கியசீலி விறுவிறுவென்று திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எப்படிச் சொல்லுவீங்க? அஞ்சு அங்கத்துல ஒரு இடத்துலகூட அவளை ஒருத்தனும் கூப்பிடலியே மேடம். சம்மனே அனுப்பாமத் தூக்குல போட்டிருக்காங்க." அந்த ஒல்லி நாவலைத் தட்டினாள். "இவ, கூப்பிடாமலே வந்து கூண்டுல நிக்கா."

ஹஸீனா படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். காரணத்துக்கான கட்டம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது; பேனாவைப் பாக்கியசீலியிடம் நீட்டி, "இப்பச் சொன்னதை அப்படியே எழுதுங்கக்கா," என்றாள்.