ஏழும் எட்டும் சேரும் இடம்

"அம்மா, இந்த ஏழு எட்டுக்குள்ள அடங்க மாட்டேங்குது."

திருவேங்கடம் தவிலை இறக்கி வைத்தார். தலை முழுக்க நரை. அவருடைய குரு கோமளாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

மாலையில் கோயில் வாசலில் அவருக்கு முதல் கச்சேரி. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்ட ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்காரப்போகிறார்கள்.

"வாசிங்கண்ணே," என்றாள் கோமளா.

தகிட தகதிமி என்று ஏழு அடித்தார். தாளத்துக்கோ எட்டு எண்ணிக்கை. ஒன்று குறைந்து இடித்தது. கடைசியில் ஒரு 'தாம்' சேர்த்து எட்டாக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அந்தத் தாம் யாரோடது?"

"என்னோடதுதாம்மா. இடிக்காம இருக்கப் போட்டேன்."

"எடுத்துடுங்க."

"அப்போ ஏழுக்குப் பதிலா ஆறு வாசிக்கட்டுமா? மூணே சுத்துல தாளத்தோட சேர்ந்துடும்."

"சேரும். ஆறுக்கும் எட்டுக்கும் ரெண்டுன்னு ஒரு பொதுச் சொந்தக்காரன் இருக்கான். கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவான். ஏழுக்கு எட்டுகிட்ட யாரையும் தெரியாது."

"அப்புறம் எப்படிம்மா போய்ச் சேர்றது?"

"நடந்துதான்."

மாலையில் கைத்தாளத்தை எடுத்துக்கொண்டு அவளே மேடையில் உட்கார்ந்தாள். சிஷ்யனுக்குக் குரு தாளம் போடுவதா என்று கூட்டம் முணுமுணுத்தது. போடுவாள். அது அவள் இஷ்டம்.

திருவேங்கடம் ஏழைத் தொடங்கினார்.

இரண்டாவது ஏழு, தாளத்தை ஓர் எண்ணிக்கை முந்தியது. மூன்றாவது, இரண்டு. முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டே சிரித்தார். நாகஸ்வரக்காரர், சரிபண்ணு என்று கண்ணைக் காட்டினார்.

திருவேங்கடத்துக்கு அந்தத் 'தாம்' விரல் நுனிவரை வந்துவிட்டது.

கோமளாவைப் பார்த்தார். அவள் எட்டை விட்டு இம்மியும் நகரவில்லை.

அவரும் ஏழை விடவில்லை.

எட்டாவது ஏழு முடிந்தபோது தாளமும் ஏழு சுற்று முடிந்தது. அடுத்த சுற்றின் முதல் தட்டும் தவிலின் முதல் அடியும் ஒன்றாக விழுந்தன.

சிரித்தவர்தான் முதலில் எழுந்து கைதட்டினார்.

கச்சேரி முடிந்ததும் திருவேங்கடம் குருவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நடுவுல எங்கயாவது சேர்ந்து காப்பாத்தும்னு பார்த்தேம்மா. ஒரு இடத்துலகூட சேரலையே?"

கோமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் பார்க்கவே சொன்னாள்:

"சேர்ந்திருந்தா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் பயந்துட்டோம்னு அர்த்தம்ணே."