பெருமாயி தின்ற ஏழு வாய் எடை

மிருகங்கள் வாயடித்துத் திரிந்த அந்தக் காலத்தில் யாருக்கும் எடை என்று ஒன்று கிடையாது. யானையும் அணிலும் இலவம்பஞ்சு மாதிரிதான். காற்று தும்மினால் போதும், உருண்டு அடுத்த காட்டில் போய் எழுந்திருப்பார்கள். புலி மானைப் பிடிக்கப் பாயும். மான்கூட்டத்தையே தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழும். அவ்வளவு அவமானம்.

பெருமாயி என்ற யானைக்கு இதனால் நிம்மதியே போயிற்று. அவள் குட்டி பிறந்து பத்து நாள்தான். கண்ணை மூடினால் பறந்துவிடுமோ என்று அதைச் சுற்றிச் சுற்றியே வந்தாள்.

மலையடியில் ஒரு பாறை மட்டும் அசையாமல் கிடந்தது. உலகத்து எடை முழுவதும் அதனிடம்தான்.

"பாறையக்கா, எனக்கும் கொஞ்சம் எடை கொடேன். குட்டியைக் காலுக்குள்ளே வச்சுக் காப்பாத்திக்கிறேன்."

"ஒரு வாய் போதும்டி. அதுக்கு மேலே தின்னா, நின்னா நகர விடாது; ஓடினா நிக்க விடாது."

"ஒரு வாய் எந்த மூலைக்கு?" என்று ஏழு வாய் தின்றாள். சிந்திய துணுக்கை அணில் துடுக்கன் நக்கிக்கொண்டான். குட்டிக்கும் ஊட்டிப் பார்த்தாள். பல் முளைக்காத வாய், துப்பிவிட்டது.

ஆடிக்காற்று வந்து முட்டியது, தள்ளியது. பெருமாயி அசையவில்லை.

"ஏண்டா, இவ்வளவுதானா உன் பலம்?" என்று காற்றையே கேலி பேசினாள். பேசுகிற சுவாரசியத்தில் குட்டி காலிடுக்கிலிருந்து வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. காற்று அதை அள்ளிக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் போனது.

"பெரியம்மா, ஓடி வா!" துடுக்கன் ஒரே உந்தில் பனைமர நீளம் போய்விட்டான். பெருமாயியும் அதேபோல் உந்தினாள். நகர்ந்தது ஒரு சாண்.

"என்ன, நத்தை மாதிரி வர்றே!"

"உந்திக்கிட்டுத்தானேடா இருக்கேன்!"

மறுபடி உந்தினாள்; ஒரு முழம். இன்னும் உந்தினாள். மெல்ல வேகம் பிடித்தது; உந்த உந்த ஏறிக்கொண்டே போனது. எதிரே, பள்ளத்தின் விளிம்பில், ஈச்சம்புதரில் சிக்கிக் குட்டி கத்திக்கொண்டிருந்தது.

"நில்லு பெரியம்மா! புள்ளை மேலேயே ஏறிடுவே!"

"நிக்கத்தான்டா பாக்குறேன், முடியலையே!"

நாலு காலையும் மண்ணில் ஊன்றினாள். நாலு வாய்க்கால் உழுதுகொண்டு போனாள். கிளம்பிய புழுதியில் மலையே மறைந்தது. அது அடங்கியபோது, புதருக்கும் அவள் முன்னங்காலுக்கும் நடுவில் ஓர் ஈ நுழையும் இடம்தான் இருந்தது.

குட்டியைத் தும்பிக்கையால் வாரி எடுத்தாள்.

"களைச்சுப் போயிட்டே. சும்மா நில்லேன் கொஞ்சம்" என்றான் துடுக்கன்.

"சும்மா நின்னா இந்த எடை வேர் விட்டுடும்டா. திரும்பக் கிளப்பறதுக்குள்ளே புள்ளை போயிடும்" என்று சொல்லி, வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறினாள். இடக்காலிலிருந்து வலக்காலுக்கு.

அன்றைக்குப் பிடித்துக்கொண்ட ஆட்டம்தான், யானைக் குலத்தை இன்னும் விடவில்லை. வயிறு நிறைந்து, வெயில் தணிந்து, குட்டி பக்கத்திலேயே பால் குடித்துக்கொண்டிருந்தாலும், யானை நின்ற இடத்தில் ஆடிக்கொண்டே இருப்பது கிளம்பும்போது நகர மறுக்கும் அந்த முதல் சாண் தூரத்தை இப்போதே நகர்ந்து வைத்துக்கொள்ளத்தான்.