மருந்து போடாத கயிறு

மலைமேல் இருந்த தில்லையம்மையிடம் சேவுகன் பதினோரு வருஷமாகச் சீடன். கீழே ஊரில் பிளாஸ்டிக் கயிறு மில் நடத்துகிறவன். அன்று எட்டுச் சுருள் கயிற்றை இரண்டு நடையாகச் சுமந்து வந்து அவள் முன் இறக்கினான். எட்டும் ஒரே நீலம். நான்கில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“நூல் கட்டினதை எடுத்து, செங்குத்துப் படியில கைப்பிடிக்குக் கட்டச் சொல்லுங்கம்மா. மத்தது விறகு கட்ட ஆகும்.”

“அதுக்கு என்ன குறை?”

சேவுகன் தயங்கினான். பிளாஸ்டிக்கை உருக்கும்போது ஒரு மருந்தைக் கொஞ்சமாய்க் கலப்பார்கள். வெயில் கயிற்றைத் தின்னாமல் அது காக்கும். சித்திரையில் மருந்து வந்து சேரவில்லை. அவன் மில்லை நிறுத்தவில்லை.

“இது மருந்து போடாததும்மா. புதுசுல ஒண்ணும் தெரியாது. மாசக்கணக்கா வெயில்ல கிடந்தா இத்துப்போகும்.”

“முகம் ஏன் இப்படி இருக்கு?”

“நம்ம ஊர் மாயாண்டி கிணறு தூர்வார இறங்கினான். பாதியில கயிறு அறுந்துபோச்சு. எங்க மில் கயிறு. நேத்துதான் அடக்கம் பண்ணினாங்க.”

அவள் சுருள்களைப் பார்த்தாள்.

“நான் வித்தப்போ அது நல்லாத்தான் இருந்தது. வெயில்ல போட்டு வச்சது அவன். இந்தப் பாவம் எனக்காம்மா?”

“பதினோரு வருஷத்துல உனக்குக் கேள்வி மட்டும் குறையல” என்றாள் தில்லையம்மை.

பிறகு குனிந்து, நான்கு சிவப்பு நூலையும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சுருள்களைக் காலால் தள்ளி, இடம் மாற்றி, மறுபடியும் மாற்றினாள்.

“அம்மா, என்ன பண்றீங்க?”

“பௌர்ணமி தவறாம உன் பெண்டாட்டி மலையேறி வர்றா இல்ல?”

“வர்றா.”

“வருஷம் பூரா அவ பிடிச்சு ஏறணும். நாலு சுருள் எடுத்துக் குடு.”

சேவுகன் ஒரு சுருளைத் தூக்கினான். முனையைப் பிரித்துப் பார்த்தான். முகர்ந்தான். பல்லால் கடித்தான். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். கடைசிச் சுருளைக் காலால் மிதித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தான். அது கொஞ்சமும் இளகவில்லை.

“தெரியலையேம்மா.”

“கடையில வாங்குறப்போ மாயாண்டியும் இப்படித்தான் இழுத்துப் பார்த்திருப்பான்” என்றாள் அவள்.