'ப்ராமிஸ்' சொன்ன ராஜா

வேம்பனூர் சமஸ்தானத்து ராஜா பூவலிங்கத் தேவருக்கு இங்கிலீஷ் மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த வேகத்தில் இலக்கணம் வரவில்லை. விருந்துக்கு வரும் ஹாபின்ஸ் துரையின் வாயைப் பார்த்தே பேசக் கற்றார்.

துரைக்கு வாய்க்கு வாய் 'ஐ ப்ராமிஸ் யூ' என்று வரும். நம்ம ஊரில் 'சத்தியமாச் சொல்றேன்' என்போமே, அதுதான். ராஜா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் துரையின் சாரட்டு ஆற்று மணலில் புதைந்தது. எட்டு மாடு கட்டி இழுத்தும் அசையவில்லை. ஒரு யானை வந்து நெற்றியால் ஒரே தள்ளு. சாரட்டு கரையில் நின்றது. அன்றைய விருந்தில் துரை கேட்டார்: "அது யார் யானை?"

ராஜா மார்பை நிமிர்த்தினார். "ஐ ப்ராமிஸ் யூ, மை எலிஃபண்ட்!"

சத்தியமாக என் யானைதான் என்று சொல்லிவிட்டதாக அவர் நினைப்பு. மறுநாள் காலை துரை சங்கிலியோடு சபைக்கு வந்துவிட்டார்.

"உங்கள் யானையை எனக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தீர்கள். இங்கிலீஷில் அதற்கு அதுதான் அர்த்தம். பத்துப் பேர் சாட்சி. ராஜா வாக்குத் தவறலாமா?"

அந்த யானை செங்கமலம், ராஜா கையால் கரும்பு தின்று வளர்ந்தவள். கொடுக்க மனசில்லை. மறுத்தாலோ, வாக்குத் தவறிய ராஜா என்று ஊர் சிரிக்கும். துபாஷி சூரப்ப முதலியாரைப் பரிதாபமாகப் பார்த்தார். முதலியார் இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்று பிழைக்கிற மனிதர்.

"யானையை அலங்கரிக்க ஒரு நாழிகை ஆகும் துரை, உட்காருங்கள்" என்றார் முதலியார். பேச்சோடு பேச்சாக, "இந்தக் கோட்டு இரவல் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு..." என்று இழுத்தார்.

துரைக்கு முகம் சிவந்தது. "எவன் சொன்னான்? ஐ ப்ராமிஸ் யூ, மை கோட்!"

"பூட்ஸும் யாரோ கொடுத்ததாமே?"

"ஐ ப்ராமிஸ் யூ, மை பூட்ஸ்!"

முதலியார் குரலைத் தாழ்த்தினார். "சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கால்சட்டைகூட..."

துரை துள்ளி எழுந்தார். "ஐ ப்ராமிஸ் யூ, மை ட்ரௌசர்ஸ்!"

முதலியார் சேவகர்கள் பக்கம் திரும்பினார். "துரை வாக்குத் தவறாதவர். மூன்றையும் பத்திரமாக வாங்கி வையுங்கள்."

"என்னது!"

"ராஜா சொன்ன அதே வார்த்தை, அதே வரிசை. அதற்குக் கொடுப்பதாக அர்த்தம் என்று இப்போதுதானே சொன்னீர்கள்?"

"முட்டாள்! என்னுடையது என்றல்லவா சொன்னேன்!"

"அப்படியா? அப்படியானால் யானை யாருடையது?"

துரை கோட்டுப் பொத்தான்களை அவசரமாகப் போட்டுக்கொண்டார்.

"நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் துரை" என்றார் முதலியார். "கொடுப்பதுதான் அர்த்தம் என்றால் யானை தயார். மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். கடைத்தெரு வழியாகத்தான் போகவேண்டும். இன்றைக்குச் சந்தை நாள் வேறே!"

துரை இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாரட்டுக்கு ஓடினார். ராஜா சிரித்த சிரிப்பில் சரிகைத் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. அதை எடுத்து, அப்படியே முதலியார் தலையில் கட்டிவிட்டார்.