ஒப்பாரிக்கு நடுவே ஓர் எறும்பு

செத்தவனாக நடித்து முடித்ததும், எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போகணும் என்று சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஷிபின் கேள்விப்பட்டதில்லை. மலையாளத்தில் மூன்று படம் நடித்து, மூன்றும் நன்றாக ஓடி, மேலே வந்துகொண்டிருந்த பிள்ளை. சாகிற வேடம் இன்னும் வரவில்லை.

ஒருநாள், தனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த ரமணி டீச்சரைத் தேடி ஒற்றப்பாலம் வந்தான். முகம் சரியில்லை.

"டீச்சர், நாலாவது படத்துலேர்ந்து என்னைத் தூக்கப் போறாங்க. திங்கட்கிழமை வரைக்கும்தான் பார்ப்பாங்களாம்."

"என்ன குறையாம்?"

"எதிர்ல பேசறவங்களை நான் கேட்கிறதே இல்லையாம். என் வசனம் எப்போ வரும்னு நிக்கிறேனாம். எப்படி டீச்சர் கேட்கிறது?"

"சாப்பிட்டியா?"

"அது இல்ல டீச்சர், நான் என்ன கேட்டேன்னா..."

"நான் கேட்டதும் உன் காதுல விழலையே."

அன்று டீச்சரின் மாணவர்கள் ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக் காட்சி. டீச்சர் ஒரு வெள்ளைத் துணியை அவன் கையில் கொடுத்தார்.

"போய்ப் படு. நீதான் பிணம்."

"வசனம்?"

டீச்சர் நகர்ந்துவிட்டார்.

அந்த ஊர் வழக்கப்படி விரித்திருந்த வாழையிலையில் படுத்தான். தலைமாட்டில் விளக்கு, மூக்கில் பஞ்சு. அம்மா வேடத்துக்குத் தங்கமணி சேச்சி. இத்தனை வருஷமும் படங்களில் கூட்டத்தில் ஒருவராக நின்றவர். முதல்முறையாக வசனம் கிடைத்திருந்தது. அவன் மார்பில் விழுந்து அழுதார்.

மூச்சு விடும்போது வயிறு அசைவது தெரியக்கூடாதே என்பதுதான் ஷிபினுக்குக் கவலை.

அப்புறம் காலில் ஏதோ ஊர்ந்தது. அசைய முடியாது.

சேச்சியின் அழுகை நிற்கவில்லை. அதே அழுகைக் குரலில், அவன் காதோரமாக:

"எறும்பு மோனே. அசையாதே. நான் எடுத்துடறேன்."

அழுதுகொண்டே போய் அவன் காலைக் கட்டிக்கொண்டார். எறும்பு போயிற்று. காலைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. அப்படியே, "செருப்பு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேனேடா" என்று அழுதார்.

ஷிபினின் மூடிய கண்ணோரம் நனைந்தது.

"கட்," என்றார்கள்.

"சேட்டா, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. தோஷம் போகணும்," என்றாள் கேமரா பிடித்த பெண்.

ஷிபின் எழுந்திருக்கவில்லை. பஞ்சை மட்டும் எடுத்தான்.

"சேச்சி, எறும்புக்கு முன்னாடி நீங்க சொல்லி அழுதது எதுவும் எனக்குக் கேட்கலை. இன்னொரு தடவை, முதல்லேர்ந்து அழுவீங்களா?"