குயில் இருமிய கதை

வெகு காலத்துக்கு முன்னால் பூங்கழனி நாட்டை அதிரூபன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தான். காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை என்று மாறிக்கொண்டே இருக்கும் மனசு அவனுக்கு. மாறாமல் இருந்தது, தன் மீசைமேல் அவனுக்கிருந்த பெருமை ஒன்றுதான்.

தலைநகரின் கோட்டைத் தெருவில் அரியநாச்சி என்ற பெண் ஊதல் கடை வைத்திருந்தாள். களிமண்ணில் குயில் செய்வாள். அதன் வாலில் வாய் வைத்து ஊதினால், மரத்திலிருக்கும் நிஜக் குயில் பதில் குரல் கொடுக்கும். மைனா, செம்போத்து, மரங்கொத்தி என்று எதைச் செய்தாலும் அது ஊதலாகத்தான் இருக்கும். வேறு எதையும் தொடமாட்டாள். கடல் தாண்டியெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள்.

வந்தவர்களுக்கு வழி தெரியாது. தெருமுனையில் இருந்த பெரிய மாளிகையின் கதவைத் தட்டி, "ஊதல் கடை எங்கே ஐயா?" என்று கேட்பார்கள். அது அரசவைக் கலை அதிகாரி செண்பகராயரின் வீடு. நாட்டுக் கலைக்கே தான்தான் தலைவர் என்று நினைத்திருந்தவருக்கு, வழி சொல்லிச் சொல்லி வயிறு எரிந்துபோயிற்று.

ஒருநாள் சபையில் எழுந்தார். "மன்னா, அரியநாச்சி பெரிய திறமைசாலி. ஆனால் பாவம், ஊதலோடு நின்றுவிட்டாள். அவள் பானை வனையலாம், பல்லக்குக்குச் சித்திரம் எழுதலாம், செருப்புத் தைக்கலாம், அத்தர் காய்ச்சலாம். ஒரே தொழிலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நாடு எப்படி வளரும்?"

'வளரும்' என்ற சொல் ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செண்பகராயர் சொன்னது அத்தனையும் அன்றே ஆணையாகிவிட்டது. கடை வாசலில் 'சகல சிருஷ்டி சாலை' என்று பலகையும் மாட்டிவிட்டார்கள்.

உள்ளதைச் சொன்னால், அரியநாச்சிக்கும் முதலில் சந்தோஷம்தான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று அந்தப் பலகையை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். பானை காய்வதற்குள் செருப்பு, செருப்பு முடிவதற்குள் அத்தர். இடையில் கிடைத்த நேரத்தில்தான் ஊதலுக்குத் துளை போட்டாள்.

ஒரு நாள் காலையில் வாடிக்கைக்காரி ஒருத்தி ஊதலைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "என்னம்மா இது? ஊதினா கூவ மாட்டேங்குது, இருமுது!"

அரியநாச்சி வாங்கி ஊதினாள். ஆமாம், இருமியது. அவளுக்கு முகமே செத்துவிட்டது. நேராக அமைச்சர் கார்முகிலார் வீட்டுக்கு ஓடினாள்.

"ஐயா, என் குயிலு இருமுது" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நாளைக்குப் பக்கத்து நாட்டுத் தூதர் வர்றாரு. அவங்க இளவரசி கல்யாணத்துக்கு என் ஊதல்தான் வேணுமாம். ஆணையை மீறினா தலை போயிடும். மீறாட்டி என் பேரு போயிடும். நான் என்ன செய்வேன்?"

கார்முகிலார் யோசித்தார். "நீ ஆணையை மீற வேண்டாம், தாயி. நாளைக்கு அந்த ஊதலோடு சபைக்கு வந்துவிடு. நல்ல ஆணையை ஒருத்தி மட்டும் அனுபவிப்பது நியாயமில்லை, பார்."

அன்று சபையில் அவர் ராஜாவைக் கும்பிட்டார். "அரசே, இப்படியொரு ஆணை அரண்மனைக்குள்ளும் இருந்தால் நாமும் வளர்வோமே!"

"ஆகா! அப்படியே ஆகட்டும்" என்றான் அதிரூபன். செண்பகராயருக்கு உள்ளுக்குள் உதைத்தது. ஆனாலும் தான் சொன்ன யோசனையைத் தானே எப்படி வேண்டாமென்பது?

மறுநாள் சமையல்காரர் பொங்கலை அடுப்பில் வைத்துவிட்டு வீணை பழகப் போனார். ராஜா பாதி வெந்த பொங்கலைத் தின்றான். அடுத்து நாவிதர் சடையன் வந்து மீசையைத் திருத்த ஆரம்பித்தார். அவசரத்தில் கத்தி ஆழமாகப் போய், வலது பக்க மீசை அப்படியே விழுந்தது. அது தானாகக் கைதவறியதா, அமைச்சர் சொல்லித் தவறியதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சடையன் கத்தியை மடக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"அடேய்! எங்கே போகிறாய்?"

"நந்தவனத்துக்கு, மகாராஜா. மாலை கட்டப் பழகணும். ஒரே தொழிலைப் பிடித்துத் தொங்கக் கூடாதென்று ஆணையாச்சே. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

அந்த நேரம் பார்த்துத் தூதர் வந்துவிட்டாரென்று சேதி வந்தது. ராஜா அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சபைக்கு வந்தான். தூதரை வெளி மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு, துணியை விலக்கிக் காட்டினான். 

செண்பகராயர்தான் முந்திக்கொண்டார். "அற்புதம், மன்னா! ஒற்றை மீசை தங்களுக்கு எத்தனை எடுப்பாக இருக்கிறது!"

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்றார் கார்முகிலார். "சடையனைக் கூப்பிடுவோம். கலை அதிகாரிக்கும் ஒரு பக்கம் எடுத்துவிடட்டும்."

செண்பகராயர் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். ராஜா அவரையே உற்றுப் பார்த்தான். அமைச்சர் சைகை காட்ட, அரியநாச்சி முன்னால் வந்து ஊதலை நீட்டினாள். ராஜா ஊதினான். குயில் இருமியது.

"இதை நீயா செய்தாய்?"

"நான்தான், மகாராஜா. ஆனா செய்யும்போது என் மனசு அத்தர் சட்டியில இருந்தது."

ராஜா தன் மொட்டை உதட்டைத் தடவிப் பார்த்தான். "சடையன் மனசு பூமாலையில் இருந்த மாதிரி" என்று முணுமுணுத்தான். அங்கேயே ஆணையை ரத்து செய்தான். மீதி மீசையையும் எடுத்துவிட்டு வந்து, ஊதல்கள் தயாராகும்வரை விருந்தாளியாகத் தங்கும்படி தூதரைக் கேட்டுக்கொண்டான். அந்த இளவரசியின் கல்யாணப் பந்தலுக்கு நிஜக் குயில்களும் வந்தனவாம்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அரியநாச்சியைக் கேட்டான்.

"கடை வாசல்ல ரெண்டு காவலர் வேணும், மகாராஜா. வாங்க வர்றவங்களை விடட்டும். யோசனை சொல்ல வர்றவங்களை விரட்டட்டும்."

ராஜா சிரித்துக்கொண்டே அதைக் கொடுத்தான். செண்பகராயர் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது. "உம்மால் எத்தனை தொழில் முடிகிறதென்று பார்ப்போம்" என்று அவர் மாளிகைக்கு ஆள் அனுப்பினான். காப்புச் செய்யுளோடு நின்றுபோன காவியம், தும்பிக்கை இல்லாத மரயானை, மூக்கில்லாத ராஜாவின் படம் என்று பாதி வேலைகளாகவே வந்து சேர்ந்தன.

"எனக்கு மூக்கு வைத்துவிட்டு அப்புறம் சபைக்கு வாரும்" என்றான் ராஜா.

செண்பகராயர் மூக்கு வரைய உட்கார்ந்தார். தூரிகை சரியில்லை என்று தூரிகை செய்யக் கற்றுக்கொள்ளப் போனார். தூரிகைக்கு அணில் வால் முடிதான் உசத்தி என்று கேள்விப்பட்டு அணில் வளர்க்க ஆரம்பித்தார். கடைசியாக அவரைப் பார்த்தவர்கள் சொன்னது: அணில்களுக்காக ஒரு கொய்யாத் தோப்பு போட்டுக்கொண்டிருந்தாராம்.